கையால் செய்த புரொஜெக்டரில் பேனலும் லென்ஸும் மஞ்சளாகின்றன: காரணம் புற ஊதாக் கதிரா, சூடா?

மேலூர்வெளிச்சம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 15 அங்குலப் பழைய கணினித் திரை ஒன்றைப் பிரித்து, பின்விளக்கையும் அதன் பரவல் தாள்களையும் நீக்கிவிட்டு, எஞ்சிய எல்சிடி பேனலுக்குப் பின்னால் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கைப் பொருத்தி ஒரு புரொஜெக்டர் செய்தேன். விளக்கின் ஒளியை நேராக்க ஒரு ஃபிரெனல் லென்ஸ் (நுண்வரிப் பள்ளங்கள் கொண்ட தட்டை லென்ஸ்), பேனலைத் தாண்டியதும் அதைக் குவிக்க இன்னொன்று, பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரிலிருந்து கழற்றிய முகப்பு லென்ஸ், இரண்டு எக்ஸாஸ்ட் விசிறிகள், இவற்றையெல்லாம் அடக்கிய பிளைவுட் பெட்டி ஆகியவைதாம் என் கருவி. இரண்டு கோடை விடுமுறைகளுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் மொட்டை மாடியில் இதில்தான் படம் பார்த்தார்கள்.

இப்போது படத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற கறை தெரிகிறது. வெள்ளைக் காட்சிகளில் அது மஞ்சளாகவும், கருப்புக் காட்சிகளில் வெளிறியும் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது விளக்கை ஒட்டிய ஃபிரெனல் லென்ஸும் மஞ்சளாகியிருந்தது. இவை போதாதென்று, பிளைவுட்டில் வெள்ளை எனாமல் அடித்து நான் செய்த திரையும் பழுப்பேறிவிட்டது. படம் போடாத நாட்களில் அதைக் கருப்புத் துணியால் மூடியே வைத்திருந்தேன். விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு ஜன்னல் கண்ணாடியை வைத்தால் புற ஊதாக் கதிர் முழுவதும் நின்றுவிடும் என்று இங்குள்ள ஒரு கடைக்காரர் சொன்னார். அது சரிதானா? புதிய பேனலைப் பொருத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அரைவாட் எழுதியது:

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 3 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 320 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள கதிர்களைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். 350 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா 'ஏ' பகுதியை அது தாராளமாக உள்ளே விடும். மெட்டல் ஹாலைடு விளக்குக்குள் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தின் வலுவான நிறமாலை வரிகளில் ஒன்று 365 நானோமீட்டரில் வருவதால், உங்களுக்கு எந்தக் கதிர் வேண்டாமோ அதைத்தான் ஜன்னல் கண்ணாடி வழிவிட்டு அனுப்பும்.

கண்ணாடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும். விளக்கின் வெளிக்குடுவையை அப்படியே வைத்திருக்கிறீர்களா? ஒளி உண்டாகும் உட்குழாயை லென்ஸுக்கு இன்னும் அருகில் கொண்டுவரலாம் என்று அதை உடைத்து எடுத்துவிடும் வழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் உண்டு. நானும் அதைச் செய்தவன்தான். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாய் 254 நானோமீட்டர் கதிரைக்கூடத் தடுக்காது. அதைத் தடுக்கும் வேலையை வெளிக்குடுவைதான் பார்க்கிறது. அன்று பெட்டியைத் திறந்துவைத்து பத்து நிமிடம் விளக்கைச் சரிசெய்தேன். அப்போது எதுவும் தெரியவில்லை. நள்ளிரவில் இரண்டு கண்களிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல் எடுத்தது. வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு வருவது போன்றதுதான் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாட்கள் இருட்டறையில் கிடந்தேன். பேனலை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேலூர்வெளிச்சம் எழுதியது:

வெளிக்குடுவையை நான் தொடவில்லை. உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு, மூடியைத் திறந்தால் விளக்கு அணையும்படி ஒரு சுவிட்சும் வைத்துவிட்டேன்.

வேதியியல்வாத்தியார் எழுதியது:

மஞ்சளாகிய பொருட்கள் மூன்று என்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே காரணம் என்று முடிவுகட்டாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் லென்ஸ். அது விறைப்பான அக்ரிலிக் தகடா, அல்லது புத்தகம் படிப்பதற்காக விற்கும், கையால் வளைக்கக்கூடிய உருப்பெருக்கித் தாளா? இரண்டாவது வகை பெரும்பாலும் பிவிசி. ஐயமிருந்தால் அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு சுரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் மாறாத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துணுக்கைத் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

புற ஊதாக் கதிரோ சூடோ பட்டால் பிவிசியின் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்றுபோகிறது. அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகின்றன. அத்தகைய வரிசை நீள நீள அது நீல ஒளியை உறிஞ்சத் தொடங்கும். வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் நம் கண்ணுக்கு மஞ்சள்தான் தெரியும். அக்ரிலிக் இந்த விஷயத்தில் எவ்வளவோ உறுதியானது, வெளிப்புற விளம்பரப் பலகைகளில் பல ஆண்டுகள் நிறம் மாறாமல் இருப்பது. ஆனால் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் அது இளகிவிடும் என்பதால், அதற்கு முன்பே லென்ஸின் நுண்வரிப் பள்ளங்கள் மழுங்கவும் தகடு வளையவும் தொடங்கும். சுருங்கச் சொன்னால், பிவிசி லென்ஸுக்கு இரண்டும் எதிரி. அக்ரிலிக் லென்ஸுக்குச் சூடுதான் முதல் எதிரி.

அடுத்தது திரை. இதில் புற ஊதாக் கதிருக்குப் பங்கே இல்லை என்பது என் கருத்து. பேனல், லென்ஸ்கள், முகப்பு லென்ஸ் எல்லாவற்றையும் கடந்து திரையில் வந்து விழும் ஒளியில் புற ஊதா மிச்சமிருப்பது அரிது. நீங்கள் எனாமல் என்று எழுதியதுதான் துப்பு. எண்ணெய் சேர்ந்த அல்கைடு எனாமல் வெயில் படாத இடத்தில்தான் விரைவில் மஞ்சளாகும். சுவரில் மாட்டிய நாட்காட்டியை எடுத்தால் அதன் பின்னால் பெயிண்ட் மட்டும் பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருப்புத் துணியால் மூடித் திரையைப் பாதுகாப்பதாக நினைத்தீர்கள். அந்த இருட்டே அதைப் பழுப்பாக்கியது. நீர் கலக்கும் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷன், பளபளப்பில்லாத வகையாகப் பார்த்து இரண்டு பூச்சு அடித்தால் இந்தத் தொல்லை வராது. பளபளப்பில்லாதது என்பது படத்துக்கும் நல்லது.

கண்ணாடிவெட்டி எழுதியது:

எமல்ஷன் சரிதான் வாத்தியார் ஐயா. ஆனால் பிளக்ஸ் பேனரின் பின்பக்கத்தைத் திரையாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பிவிசி பூசியதுதான். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே அதை நிரந்தரமாகத் தொங்கவிட்டால், நீங்கள் சொன்ன காரணத்தாலேயே மஞ்சளாகும் அல்லவா?

வேதியியல்வாத்தியார் எழுதியது:

ஆகும். அவர்கள் பார்த்த பிறகு சுருட்டி வைத்தாலே போதும்.

பழையகருவி எழுதியது:

பேனலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மாற்ற முடியாத அளவுக்கு விலையுள்ள பகுதி அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்சிடி பேனலின் இரு முகங்களிலும் போலரைசர் படலம், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம், ஒட்டப்பட்டிருக்கிறது. அயோடின் ஏற்றி இழுத்து நீட்டிய பாலிவினைல் ஆல்கஹால்தான் அதன் உயிர். அதை இரு புறமும் செல்லுலோஸ் அசிடேட் படலம் காக்கிறது. சூடு கூடும்போது அயோடின் தன் வரிசையை இழக்கிறது, பாலிவினைல் ஆல்கஹாலிலிருந்து நீர் பிரிந்து அது பழுப்பாகிறது. வாத்தியார் பிவிசிக்குச் சொன்ன அதே இரட்டைப் பிணைப்புக் கதைதான் இங்கேயும் நடக்கிறது.

கறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேனலைக் கழற்றி, வெள்ளை வானத்துக்கு நேராகப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி ஒன்றின் வழியாகப் பாருங்கள். குளிர்கண்ணாடியைச் சுழற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் பேனல் முழுவதும் கருத்துவிட வேண்டும். அப்போது நடுவில் மட்டும் வெளிச்சம் கசிந்தால், உங்களை நோக்கியிருக்கும் முகத்தின் போலரைசர் செத்துவிட்டது என்று பொருள். பேனலைத் திருப்பிப் பிடித்து மறு முகத்துக்கும் இதையே செய்யுங்கள். விளக்குப் பக்கத்து முகம்தான் கெட்டிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிற வடிகட்டியுள்ள சாதாரண பேனல் ஒன்று தன் மீது விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட மறுபுறம் அனுப்புவதில்லை. மிச்சம் முழுவதும் அதற்குள்ளேயே சூடாகிறது. விளக்குப் பக்கத்துப் போலரைசர் மட்டுமே பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. ஆகவே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் ஒரு துளிகூட விடாமல் வடிகட்டினாலும், கண்ணுக்குத் தெரியும் வெறும் ஒளியே அந்தப் படலத்தை வேகவைக்கப் போதுமானது. வடிகட்டி வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் பேனல்கள் ஆறு மாதத்தில் கருகியதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வடிகட்டியைத்தான் திட்டினார்கள்.

படம் ஓடும்போது நடுவில் கருப்பாகவோ வெளிறியோ ஒரு திட்டு தோன்றி, விளக்கை அணைத்து ஆறவிட்டதும் மறைந்துவிட்டால், அது திரவப் படிகம் அளவுக்கு மீறிச் சூடாகித் தன் ஒழுங்கை இழந்ததன் அடையாளம். அது எச்சரிக்கை மணி. ஆறிய பிறகும் போகாத மஞ்சள் வேறு.

மேலூர்வெளிச்சம் எழுதியது:

பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள் ஐயா. விளக்குப் பக்கத்து முகத்தில்தான் கசிவு. மறு முகம் ஒழுங்காகக் கருத்தது. லென்ஸும் பிவிசிதான். சுடர் பச்சையாக எரிந்ததை என் மகன் பார்த்துவிட்டு, மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்லி நச்சரிக்கிறான். நீங்கள் சொன்ன அந்த மறைந்துபோகும் திட்டு, சென்ற கோடையில் நீளமான படங்களின் இடைவேளைக்குச் சற்று முன்பு வந்ததுண்டு. விளக்கு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியானால் புற ஊதா வடிகட்டியே தேவையில்லை என்று சொல்கிறீர்களா?

பழையகருவி எழுதியது:

நான் அப்படிச் சொல்லவில்லை. 365 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 3.4 எலெக்ட்ரான் வோல்ட்; பச்சை ஒளியின் துகளுக்கு 2.3 தான். முதலாவது பிணைப்புகளை உடைக்கும் எல்லைக்கு அருகில் வந்து நிற்கிறது. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பேனல் வைத்து விற்பனைக்கு வரும் மூன்று பேனல் புரொஜெக்டர்களைப் பழுதுபார்க்கிறவர்களைக் கேட்டால், நீல ஒளி செல்லும் வழியில் உள்ள பேனலும் போலரைசரும்தான் முதலில் கெடும் என்பார்கள். அவற்றில் புற ஊதா வடிகட்டி ஏற்கெனவே இருக்கிறது. நீலத்துக்கே அந்தக் கதி. ஆகவே வடிகட்டி வேண்டும், காற்றும் வேண்டும். காற்று விளக்கைத் தழுவிப் போனால் மட்டும் போதாது. பெரும்பாலான பெட்டிகளில் விசிறி விளக்கைக் குளிரவைக்கிறது, பேனல் தனியாக வேர்த்துக்கொண்டிருக்கிறது. லென்ஸுக்கும் பேனலுக்கும் இடையே ஒரு விரல் அகல இடைவெளி விட்டு, அதன் வழியாக விசிறிக் காற்று கீழிருந்து மேலாகப் பாய வேண்டும்.

கண்ணாடிவெட்டி எழுதியது:

தொழில் கண்ணாடி என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். விலை உயர்ந்த வடிகட்டியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாதவர்களுக்கு லேமினேட் கண்ணாடி நல்ல மாற்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்னும் படலத்தை வைத்து ஒட்டியதுதான் அது. கார்களின் முன் கண்ணாடியும் இந்த வகையே. அந்தப் படலம் ஏறக்குறைய 380 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவை நிறுத்திவிடுகிறது. கடைகளில் வெட்டுத் துண்டுகளாகக் கேட்டால் குறைந்த விலைக்கே கொடுப்பார்கள்.

ஆனால் அதை விளக்குக்கு முன்னால் நேராக வைக்கக் கூடாது. சூட்டில் படலம் இளகி, ஓரங்களிலிருந்து குமிழி விடும். விளக்கை ஒட்டி டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியை, வையுங்கள். சாதாரணக் கண்ணாடி ஒரே தகட்டுக்குள் 40 டிகிரி வெப்ப வேறுபாடு வந்தாலே விரிசல் விட்டுவிடக்கூடும். டஃபன்டு 200 டிகிரி வரை தாங்கும். அளவு சொல்லி முதலிலேயே வெட்டச் சொல்லுங்கள், டஃபன் செய்த பிறகு அதை யாராலும் வெட்ட முடியாது. அதற்கப்பால் ஒரு சாண் தள்ளி, விசிறிக் காற்றின் பாதையில் லேமினேட் கண்ணாடி. அதன் பிறகு லென்ஸ்.

ஜன்னலுக்கு ஒட்டும் புற ஊதாத் தடுப்புப் பிலிமைப் பற்றியும் கேட்பீர்கள். 2012-இல் கார் கண்ணாடிகளில் பிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எங்கள் கடையில் சுருள் சுருளாகத் தேங்கிவிட்டது. அவற்றில் ஒன்றை இப்படி ஒரு பெட்டியில் ஒட்டிப் பார்த்தேன். புற ஊதா நின்றது உண்மை. பசை உருகி, பிலிம் ஒரு வாரத்தில் தோசை போல் சுருண்டதும் உண்மை.

அரைவாட் எழுதியது:

விலைக்கு வாங்கும் பூச்சு வடிகட்டிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல அடுக்குப் பூச்சால் புற ஊதாவைத் திருப்பியடிக்கும் கண்ணாடிகள், ஒளி நேராக விழும்போது 400 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டும் என்றுதான் எழுதியிருக்கும். ஒளி சாய்வாக விழுந்தால் அந்த எல்லை குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்ந்துவிடும். பூச்சின் ஒளிவிலகல் எண்ணைச் சுமார் 1.7 என்று வைத்துக் கணக்கிட்டால், 45 டிகிரி சாய்வில் 400 என்பது 364 ஆகிவிடுகிறது. பாதரச வரியோ 365-இல் இருக்கிறது! விளக்குக்கு மிக அருகில், எல்லாக் கோணங்களிலும் ஒளி விரியும் இடத்தில் இந்த வகையை வைத்தால், தகட்டின் நடுப்பகுதி காவல் காக்கும், ஓரப் பகுதி கதவைத் திறந்துவிடும். உறிஞ்சும் வகை வடிகட்டிக்கு இந்தக் குறை கிடையாது. லேமினேட் கண்ணாடி உறிஞ்சும் வகை.

சரியாக நிற்கிறதா என்று சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. வெயிலில் கருக்கும் ஃபோட்டோக்ரோமிக் மூக்குக்கண்ணாடி வீட்டில் யாரிடமாவது இருக்கும். பேனலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்து ஒரு நிமிடம் விளக்கைப் போட்டுப் பாருங்கள். அது கருத்தால் புற ஊதா வருகிறது. காருக்குள் அந்தக் கண்ணாடி கருப்பதில்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வதற்கும் முன் கண்ணாடியின் லேமினேஷன்தான் காரணம். விசிறியை ஓடவிட்டே சோதியுங்கள், ஏனெனில் சூடான ஃபோட்டோக்ரோமிக் கண்ணாடி சரியாகக் கருக்காது. இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பிவிடுவீர்கள். ரூபாய் நோட்டின் எண்களும் இழைகளும் ஒளிர்கின்றனவா என்று பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் இத்தனை வெளிச்சத்துக்கு நடுவே அந்த மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது.

கடலூர்க்காற்று எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், 100 வாட் சிஓபி எல்இடி (பல எல்இடி சில்லுகளை ஒரே தகட்டில் பதித்தது) ஒன்றைப் பொருத்திவிடக் கூடாதா? 450 நானோமீட்டர் நீலத்திலிருந்து பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு வழியாக வெள்ளை ஒளியை உண்டாக்குவதால் அதில் புற ஊதா அநேகமாக இல்லை. நான் மாற்றிய பிறகு வடிகட்டி என்ற சொல்லையே மறந்துவிட்டேன்.

மேலூர்வெளிச்சம் எழுதியது:

யோசித்தேன் தம்பி. என் விளக்கு 30,000 லூமனுக்கு மேல் தருகிறது, நீங்கள் சொல்வது 10,000 அளவில்தான். ஆறு அடித் திரைக்கு அது போதும். மாடியில் பத்து அடிக்குப் போட்டுப் பழகிய பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பழையகருவி எழுதியது:

வீட்டுக்குள் பார்ப்பவர்களுக்குக் கடலூர்க்காற்று சொல்வதே சிறந்த வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மெட்டல் ஹாலைடிலேயே தொடர்பவர்கள் இன்னொரு வேலையைச் செய்து பார்க்கலாம். விளக்குப் பக்கத்துப் போலரைசரைப் பேனலிலிருந்து உரித்தெடுத்து, புதிய போலரைசர் தாளை ஒரு தனிக் கண்ணாடியில் ஒட்டி, பேனலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால், அதே கோணத்தில் நிறுத்துங்கள். சூடாவது அந்தத் தாளாகவே இருக்கும், திரவப் படிகத்துக்கு அது கடத்தப்படாது. கெட்டாலும் தாளை மட்டும் மாற்றினால் போதும். உரிப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு மூலையைக் கத்தியால் மெல்லத் தூக்கி, தட்டையான கோணத்தில், நிறுத்தாமல் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு நான் உடைத்த பேனல்கள் இரண்டு.

மேலூர்வெளிச்சம் எழுதியது:

ஒரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் என் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கிச் சோதித்தேன். கண்ணாடித் தகடு எதுவும் இல்லாதபோது ஒரே நிமிடத்தில் கருத்தது. 4 மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியை இடையில் வைத்தபோதும் ஏறத்தாழ அதே அளவு கருத்தது, ஆகவே கடைக்காரரின் வாதம் அங்கேயே முடிந்தது. லேமினேட் துண்டை வைத்தபோது நிறம் மாறவே இல்லை. விளக்கருகே டஃபன்டு, ஒரு சாண் தள்ளி லேமினேட், பிறகு புதிய அக்ரிலிக் ஃபிரெனல், ஒரு விரல் இடைவெளி, பேனல் என்று அடுக்கியிருக்கிறேன். இடைவெளிக்குள் ஊதுவதற்குத் தனியாக ஒரு விசிறியும் வைத்தேன். போலரைசரை உரிக்கும் துணிச்சல் இன்னும் வரவில்லை. தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓடவிட்டும் அந்தக் கருந்திட்டு வரவில்லை. திரைக்கு எமல்ஷன் அடித்தாயிற்று, கருப்புத் துணியை எடுத்துவிட்டேன்.

பழைய பிவிசி லென்ஸை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அறிவியல் சோதனைக்குக் கேட்கிறார்கள்.

கண்ணாடிவெட்டி எழுதியது:

அதை உடனே எடுங்கள் அண்ணா. மஞ்சளானாலும் அது இன்னும் லென்ஸ்தான். எங்கள் கடை வாசலில் இப்படி ஒரு ஃபிரெனலைச் சாய்த்து வைத்திருந்தபோது, நண்பகலில் எதிரே கிடந்த கோரைப்பாயில் புகை வந்தது. தண்ணீர் ஊற்றி அணைப்பதற்குள் பாயில் தட்டு அகலத்துக்கு ஓட்டை.

மேலூர்வெளிச்சம் எழுதியது:

எடுத்துவிட்டேன். திரையை மூடியிருந்த கருப்புத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.